இறங்கும் நேரமும் ஏறும் நேரமும்

விமானத்திலிருந்து இறங்கி, அடுத்த நாட்டுக்குப் போகும் ரயிலைப் பிடிக்க எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும்? இலக்கியம் பேசும் இடத்தில் இதென்ன கேள்வி என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தமிழாசிரியனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுள் இதுவும் ஒன்றாகிவிட்டது. குறுந்தொகையில் ஐயம் கேட்க வருகிறவர்களைவிட, கைபேசித் திரையில் இரண்டு பயணச்சீட்டுகளைக் காட்டி "ஐயா, இது ஒத்துவருமா?" என்று கேட்கும் பழைய மாணவர்களே எனக்கு அதிகம்.

காரணம் எளிது. அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம், பொன்னமராவதிப் பக்கங்களில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒருவர்கூட இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையின் ஓரத்திலேயே, எங்கள் நகரிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சென்னைக்குப் போவதைவிடச் சிங்கப்பூருக்குப் போவது சுலபம் என்று இங்கே சொல்வார்கள். அதில் மிகை கொஞ்சம்தான். 2024 ஜூனில் புதிய முனையமும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. பறப்பது பழகிவிட்டது. பறந்த பிறகு என்ன என்பதுதான் இன்னும் பழகவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இடைவெளியைக் கணக்கிடுகிறவர்கள் இயந்திரங்களின் நேரத்தைக் கூட்டிக் கழிக்கிறார்களே தவிர, பயணம் செய்யும் மனிதரின் நேரத்தைக் கணக்கில் கொள்வதில்லை. அதோடு, விமானத்துக்கும் ரயிலுக்கும் நடுவிலுள்ள அந்தச் சில மணி நேரத்துக்கு இன்று எவரும் பொறுப்பில்லை. பொறுப்பேற்ற ஏற்பாடு ஒன்று ஒருகாலத்தில் இருந்தது. அது எங்கள் ஊர் ரயில் நிலையம் வழியாகவே போய்க்கொண்டிருந்தது என்பது பலருக்கு நினைவில்லை.

சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஓடும் ரயிலை எடுத்துக்கொள்வோம். 'ஷட்டில் தெப்ராவ்' என்பது அதன் பெயர். உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச் சாவடியில் ஏறினால் ஐந்தே நிமிடத்தில் ஜொகூர் பாரு சென்ட்ரல். உலகின் மிகக் குறுகிய பன்னாட்டு ரயில் பயணங்களில் ஒன்று. 1932-இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து நேரே கோலாலம்பூருக்கு வண்டி ஏறிய காலமும் இருந்தது. அந்த நிலையம் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. 2015 ஜூலையில் நெடுந்தூர வண்டிகள் ஜொகூர் பாருவோடு நின்றுவிட, நீரிணையைக் கடக்க மட்டும் இந்தச் சிறிய வண்டி வந்தது. சிங்கப்பூர்ப் பக்கம் ஏறினால் 5 வெள்ளி, மலேசியப் பக்கம் ஏறினால் 5 ரிங்கிட். எண் ஒன்றுதான், மதிப்பு மூன்று மடங்குக்கு மேல் வேறுபடும்!

பையன் கணக்குப் போடுகிறான். விமானம் தரையிறங்குவதற்கும் ரயில் புறப்படுவதற்கும் நடுவே இரண்டே முக்கால் மணி நேரம். வண்டிப் பயணமோ ஐந்து நிமிடம். தாராளம் என்று முடிவு செய்கிறான்.

அந்த இரண்டே முக்கால் மணி நேரத்தைப் பிரித்துப் பார்ப்போம். சக்கரம் தரையைத் தொட்ட பிறகு விமானம் தன் இடத்தை அடைந்து கதவு திறக்கவும், பின்வரிசையில் இருப்பவர் வெளியே வரவும் அரை மணி நேரம் ஆகலாம். குடிநுழைவுச் சோதனை உண்டு. பிறகு பெட்டி வர வேண்டும். நம்மவர் பெட்டிகள் அட்டைப்பெட்டிகள். கயிறு கட்டி, பெயர் எழுதி, அரிசிமாவும் ஊறுகாயும் கருவாடும் சுமந்து வருபவை. சாங்கி தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது. உட்லண்ட்ஸ் வடக்கு எல்லையில். எம்.ஆர்.டி.யில் வண்டி மாறிப் போனால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். டாக்சியில் போனால் அரை மணி, முக்கால் மணியில் போய்விடலாம். ஆனால் டாக்சிக்குக் கொடுக்கும் பணத்தை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்காத தாயை நான் கண்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. எம்.ஆர்.டி.யின் உட்லண்ட்ஸ் நிலையம் வேறு, ரயில் சோதனைச் சாவடி வேறு. முதலாவதில் இறங்கி இரண்டாவதற்குப் பேருந்து பிடிக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாந்தவர்கள் ஏராளம். சாவடியை அடைந்த பின் சிங்கப்பூரை விட்டு வெளியேறும் முத்திரை, மலேசியாவுக்குள் நுழையும் அனுமதி ஆகிய இரண்டும் வண்டி ஏறுவதற்கு முன்பே அங்கேயே முடிந்தாக வேண்டும். வண்டி புறப்படும் நேரம்தான் சீட்டில் இருக்கும். நுழைவாயில் அதற்குச் சற்று முன்பே அடைபட்டுவிடும். விடுமுறை நாட்களில் அடுத்த வண்டியில் இடம் இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டாம். வார இறுதிச் சீட்டுகள் பல நாட்களுக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் விசா. மலேசியாவுக்குத்தான் போகிறோம், சிங்கப்பூரில் ரயில் மட்டும் ஏறுகிறோம் என்று வாதிட முடியாது. விமான நிலையத்தை விட்டு வெளியே கால் வைத்தால் சிங்கப்பூருக்குள் நுழைந்ததாகவே பொருள். இரண்டு நாடுகளுக்கும் தனித்தனியே மின்னணு வருகை அட்டை நிரப்ப வேண்டும். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிவைக்க வேண்டும். கைபேசி தானாக மாற்றிக்கொள்ளும். கையில் கட்டியிருக்கும் கடிகாரம் திருச்சியிலேயே நின்றுகொண்டிருக்கும்.

எங்கள் தெருவில் ஓர் அம்மையார் இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. மகனுக்கு குளுவாங்கில் வேலை. ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே ரயில் பாதையிலேயே உள்ள ஊர் அது. முன்பு ஒருமுறை உறவினர் துணையோடு சிங்கப்பூர் போய்வந்ததில் அம்மையாரிடம் விசா மீதமிருந்தது. கோலாலம்பூரைவிடச் சிங்கப்பூருக்குச் சீட்டு மலிவாகவும் கிடைத்தது. மகன் மூன்று சீட்டுகள் எடுத்தான்: விமானம், ஐந்து நிமிட ரயில், பிறகு குளுவாங் ரயில். எல்லாம் அழகாகப் பொருந்தின, தாளில்.

விமானம் திருச்சியிலேயே ஒன்றேகால் மணி நேரம் தாமதம். அதன் பிறகு எதுவும் பொருந்தவில்லை. மகனால் எல்லையைக் கடந்து வந்து அழைத்துக்கொள்ளவும் முடியாது. அவனுக்குச் சிங்கப்பூர் விசா இல்லை. நீரிணையின் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவர், நடுவே ஒரு கிலோமீட்டர். கடைசியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தமிழ்த் தொழிலாளி பேருந்தில் ஏற்றிவிட்டு, ஓட்டுநரிடமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பணமாகப் பார்த்தால் நட்டம் சில நூறு ரூபாய்தான். ஆனால் அம்மையார் அதற்குப் பிறகு மலேசியா போகவில்லை. "அவன் வர்றப்ப வரட்டும்" என்கிறார். பேரனுக்கு இப்போது மூன்று வயது. ஒரு குறுகிய இடைவெளியின் உண்மையான விலையை நான் இப்படித்தான் அளக்கிறேன்.

இதற்கு யார் பொறுப்பு? சிங்கப்பூரில் இறக்கிவிடுவதே எங்கள் ஒப்பந்தம், இறக்கிவிட்டோம் என்பார் விமானக்காரர். நாங்கள் நேரத்துக்குப் புறப்பட்டோம் என்பார் ரயில்காரர். இருவர் சொல்வதும் சரி. இரண்டு சரிகளுக்கு நடுவே ஒரு கிழவி அட்டைப்பெட்டியோடு நிற்கிறார்.

இங்கேதான் போட் மெயிலை நினைத்துக்கொள்கிறேன். இன்றும் சென்னை எழும்பூரிலிருந்து ராமேசுவரம் போகும் அந்த வண்டி இரவில் புதுக்கோட்டையைக் கடக்கிறது. படகு போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு மீண்டும் ரயில் என்று ஒரு பாதை உருவாயிற்று. 1929-30 ஆண்டுகளில் திருச்சி, புதுக்கோட்டை, மானாமதுரைப் பாதை அமைந்த பின் எங்கள் ஊரும் அந்தப் பாதையில் சேர்ந்தது. எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டு கொழும்பு வரை செல்லும். ரயிலிலிருந்து இறங்கினால் துறையில் கப்பல். கடலைக் கடக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கப்பலிலிருந்து இறங்கினால் மறு ரயில்.

இதில் நான் வியப்பது கப்பலையோ பாலத்தையோ அல்ல. இடைவெளியைக் கணக்கிடும் வேலை பயணியிடம் இல்லை என்பதையே. தென்னிந்திய ரயில்வேயே கப்பலையும் நடத்தியது. வண்டி எத்தனை மணிக்குத் துறைக்கு வர வேண்டும், கப்பல் எப்போது நங்கூரம் எடுக்க வேண்டும், தாமதமானால் என்ன செய்வது என்பதெல்லாம் ரயில்வேயின் தலைவலி. சீட்டு ஒன்றாக இருந்ததால் பொறுப்பும் ஒன்றாக இருந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் எங்கள் மாவட்டத்தின் முன்னோர்களுக்கே துரோகம் செய்தவனாவேன். அதே பாதையில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்கள் துறையில் இறங்கிக் கப்பலில் ஏறவில்லை. மண்டபம் முகாமில் நோய்த் தடுப்பு என்ற பெயரில் நாள்கணக்கில் அடைத்துவைக்கப்பட்டார்கள். உயர் வகுப்புப் பயணிக்கு இடைவெளி ஒருசில மணி, தொழிலாளிக்கு நாட்கள். ஒருவருக்கு அது வசதி, மற்றவருக்குச் சிறை. அவர்களுக்கும் முந்திய காப்பித் தோட்டக் காலத்துத் தலைமுறை தொண்டிக் கரைவரை நடந்தே போய்த் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியில் மாத்தளைவரை நடந்தது. அவர்களுக்கு இடைவெளியே கிடையாது. வழி முழுதும் மரணம்தான் உடன் வந்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதன்படி அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தபோதும் மண்டபம் முகாமே வரவேற்றது. அதற்குள் 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டிருந்தது. கப்பல் ராமேசுவரத்திலிருந்து 1980-களின் தொடக்கம்வரை ஓடி, போர்ச்சூழலில் நின்றது.

ஆகவே யாருடைய நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது பழைய கேள்வி. போட் மெயிலிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள விரும்புவது ஒரே சீட்டு என்ற எண்ணத்தை மட்டும்தான்.

அது நடைமுறைக்கு ஒவ்வாத பழங்கதை என்றும் சொல்ல முடியாது. ஏர் பிரான்ஸ் நிறுவனம் 2001-இல் பாரிசுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் இடையிலான விமானங்களை நிறுத்திவிட்டு, தாலிஸ் ரயிலையே தன் விமான எண்ணோடு பயணிகளுக்கு விற்றது. ஜெர்மனியில் லுஃப்தான்சா, ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலேயே உள்ள ரயில் நிலையத்திலிருந்து கிளம்பும் ரயில்களை இப்படியே விற்கிறது. விமானம் தாமதமாகி ரயில் போய்விட்டால் அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் கடமை. பயணி கணக்குப் போட வேண்டியதில்லை. போட் மெயில் செய்ததும் இதைத்தான்.

இலண்டன் நிலைமை வேறு. திருச்சியிலிருந்து கொழும்பு வழியாக ஹீத்ரோவில் இறங்கி, செயின்ட் பான்கிரஸ் நிலையத்திலிருந்து யூரோஸ்டாரில் பாரிஸ் போக நினைப்பவர்கள் நம்மிடையே கூடிவருகிறார்கள். லா ஷப்பேல் பகுதியில் உறவு இல்லாத யாழ்ப்பாணக் குடும்பம் குறைவு, இப்போது நம்மவர்களும் சேர்ந்துகொண்டார்கள். விமானமும் ரயிலும் வெவ்வேறு ஒப்பந்தங்கள். பிரிட்டன் விசா, ஷெங்கன் விசா இரண்டும் வேண்டும். ஹீத்ரோவில் அயல்நாட்டவர் வரிசை எவ்வளவு நீளும் என்று எந்தச் சோதிடராலும் சொல்ல முடியாது. பிக்காடில்லி பாதையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிரெஞ்சு அதிகாரிகளின் கடவுச்சீட்டுச் சோதனையும் இலண்டனிலேயே, வண்டி ஏறுமுன் நடக்கிறது. சாதாரண வகுப்புக்குப் புறப்பாட்டுக்கு அரை மணி முன்பே வாயில் அடைபடும். நான்கு மணி நேரம் போதும் என்கிறார்கள் இளைஞர்கள். போதும், அவர்களுக்கு. பெற்றோருக்குச் சீட்டு எடுப்பதானால் இலண்டனில் ஓர் இரவு தங்கவைத்து மறுநாள் ஏற்றுங்கள் என்பதே என் பதில்.

உட்லண்ட்ஸ் ரயிலுக்கு? தனியாக வரும் முதியவருக்கு, விமானம் இறங்கும் நேரத்திலிருந்து ஐந்து மணி நேரம். பெட்டி இல்லாத இளைஞருக்கு மூன்றரை. அன்றைய கடைசி வண்டியை யாருக்கும் எடுக்காதீர்கள்; அது தவறினால் அடுத்தது மறுநாள்தான். ஜொகூர் பாருவிலிருந்து மேலும் ரயில் ஏற வேண்டியிருந்தால் அந்த இரண்டாம் சீட்டையும் இரண்டு மணி நேரமாவது தள்ளி எடுங்கள்.

இதைச் சொன்னதும் வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். ஐந்து நிமிட ரயிலுக்கு ஐந்து மணி நேரமா, பேருந்தில் ஏறினால் கால அட்டவணையே வேண்டாமே என்பார்கள். நியாயம்தான். ஜொகூர் பாருவோடு பயணம் முடிகிறவர் பேருந்தையே நாடலாம். பாலத்தில் நெரிசல் இல்லாத நேரமாக இருந்தால். ஆனால் இரண்டு சோதனைச் சாவடிகளிலும் பெட்டியோடு இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். நேரம் வீணாகிறதே என்பது மற்றொரு மறுப்பு. சாங்கியில் இரண்டு மணி நேரம் குளிரூட்டப்பட்ட கூடத்தில் உட்கார்ந்திருப்பது வீண் என்று, அறந்தாங்கிப் பேருந்து நிலையத்தில் கடைசி டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து பழகிய எவரும் சொல்லமாட்டார்.

தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும் சேர்த்துத்தான். நம் பிள்ளைகள் நிலத்தைத் திரையில் பார்த்துவிடுகிறார்கள். எத்தனை கிலோமீட்டர், எந்தப் பாதை என்று விரல் நுனியில் சொல்கிறார்கள். பொழுதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வழிகாட்டுவதற்கென்றே ஓர் இலக்கிய வகையை வைத்திருந்த மொழி நம்முடையது. ஆற்றுப்படையில் பேசுகிறவன் போய்வந்தவன். கேட்கிறவன் சுற்றத்தோடும் இசைக்கருவிகளோடும் களைத்து நிற்பவன். மலைபடுகடாம் அந்தக் கூத்தருக்குச் சொல்லும் செய்திகள் என்னென்ன? எந்த வழியில் வழுக்கும், எங்கே விலங்குகளுக்குப் பொறி வைத்திருப்பார்கள், எந்தக் குடியில் இரவு தங்கலாம், என்ன உணவு கிடைக்கும். சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு மன்னனை அடையும்வரை எயிற்பட்டினத்திலும் வேலூரிலும் ஆமூரிலும் நிறுத்தி நிறுத்தி உணவூட்டியே அழைத்துப்போகிறது. புலவர்கள் பசித்திருந்தவர்கள், ஆகையால் உணவைப் பாடினார்கள் என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆனால் சுமையோடு நடக்கிறவன் எவ்வளவு தூரத்தில் களைப்பான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் பயணச்சீட்டு எடுத்துக்கொடுக்கும் முகவர்கள் நூற்றுக்கணக்கான குடும்பங்களை அனுப்பிவைப்பவர்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று: எந்தத் தேதி, எத்தனை பேர், பெட்டி எத்தனை கிலோ. போகிறவர் யார், முன்பு போயிருக்கிறாரா, ஆங்கிலம் படிப்பாரா, மறுமுனையில் அழைக்க வருபவரால் எல்லை கடக்க முடியுமா என்று கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எங்கள் தெரு அம்மையாரின் மகனிடம் கடைசிக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அவன் கோலாலம்பூருக்கே சீட்டு எடுத்திருப்பான்.

விமான நிறுவனங்களிடமும் கேட்கலாம். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஆண்டு முழுவதும் பறக்கிறவர்களில் ஒரு பகுதியினர் ஜொகூருக்குப் போகிறவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லைவரை கொண்டுசேர்க்கும் ஒரே சீட்டை இவர்களுக்கு விற்பதில் வணிகமும் இருக்கிறது. நம் ஊர்ச் சங்கங்கள் திருவிழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் அழைப்பிதழ் அச்சிடுவதோடு இதற்கும் ஒரு மனு எழுதலாம்.

உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையே 4 கிலோமீட்டர் நீளத்தில் புதிய விரைவு ரயில் திட்டமிடப்பட்டு, 2026 இறுதியில் சேவை தொடங்கும் என்று இரு அரசுகளும் அறிவித்தன. புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும். நெரிசல் நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி. ஒரு வண்டி போனால் அடுத்தது வரும் என்ற நிலை வந்தால், மேலே சொன்ன ஐந்து மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். குளுவாங் வண்டிக்கான இரண்டு மணி நேரத்தைக் குறைக்கச் சம்மதமில்லை. அந்த வண்டி அப்போதும் அதன் நேரத்துக்குத்தான் புறப்படும்.